பீங்கான் வேலைங்க

பிள்ளைகளே, கம்ப்யூட்டர் முன்னாலிருந்து உங்களை நான் அடிக்கடி எழுப்பி விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். காரணத்தை எழுதி வைக்கிறேன்.

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் செக்கிங் மேசை என்னுடையது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். இவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று முதலாளியே வெளியூர்க்காரர்களிடம் சொல்லுவார். பத்தாவது படித்தவனுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டிங் பாஸ் செய்தவன் நான் ஒருத்தன்தான். காலையில் மேசை, மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டர் என்று ஆனது. ஜன்னல் வெளிச்சம் முழுக்க அந்தத் தடிப் பெட்டியின் கண்ணாடியில் விழும். கண்ணை இடுக்கிக்கொண்டு அடிப்பேன். ஆறு மாதத்தில் கண்ணில் மணல் போட்ட மாதிரி எரிச்சல், நெற்றிவலி. உடம்புச் சூடு என்று உங்கள் அம்மா தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தாள்.

இலவசக் கண் முகாமுக்குப் போனேன். என்ன வேலை என்று டாக்டரம்மா கேட்டார்கள். நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் வரும் பதில்தான் எனக்கும் வந்தது.

"பீங்கான் வேலைங்க."

கம்ப்யூட்டரைச் சொல்லத் தோன்றவே இல்லை. ஃபேனுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை யார் வேலை என்று சொல்லுவார்கள்?

சூளைச் சூடும் தூசியும்தான் காரணம், உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கேட்டுப் பாருங்கள் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனுஷன். மறுநாளிலிருந்து நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்துவிட்டார். மேசையில், கட்டை துடைத்துக்கொண்டிருந்த மங்கலம்பேட்டைப் பெண்ணை நிறுத்தினார்.

வருஷம் திரும்புவதற்குள் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒருநாள் அந்தப் பெண் லீவு என்று என்னை மேசைக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவள், நான் நல்லது என்று அடுக்கியதிலிருந்து ஒரு கட்டையைக் கொண்டு வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, இதுல கீறல் ஓடுது. இன்னும் ஒம்போது இருக்குது. தனியா எடுத்து வச்சிட்டேன், மொதலாளிகிட்ட சொல்லலண்ணே."

வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் நகத்தால் தடவிக் காட்டினாள்.

அப்புறம் கடலூரில் வேறு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஜன்னலைப் பார்த்துக் கம்ப்யூட்டரை வைக்காதீங்க, நடுநடுவே எழுந்து தூரமாகப் பாருங்க என்றார். எரிச்சல் நின்றது. மேசையைத் திரும்பக் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"உங்க கண்ணுக்காகத்தானே அங்கேர்ந்து எடுத்தேன்?"

அவரை என்ன குறை சொல்ல? இப்போதும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பீங்கான் வேலை என்றுதான் வாயில் வருகிறது. கட்டையைத் தொட்டுப் பல வருஷமாகிறது.