'ம்' கொட்ட ஒரு பட்டன்

நான் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பவர் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் போதும், எனக்குப் பயம் வந்துவிடும். கோபமா, தூக்கமா, லைன் கட்டாகிவிட்டதா, இல்லை நான்தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று மனசு நாலு பக்கமும் ஓடும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டதால் வந்த பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றாவது படிக்கும்போதே நான் இப்படித்தான் என்று என் அக்கா சொல்கிறாள்.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலை, நாள் முழுக்கப் போனில் பேசுவது. புத்தூரில் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு டோக்கன் பதிந்து கொடுக்கிற கம்பெனி அது. நோயாளிகள் கூப்பிட்டால் பத்துப் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தபடியே எடுத்துப் பேசி நேரம் குறித்துக் கொடுப்போம். நான் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில். என் மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கிறார். எழுந்து நடக்கத்தான் முடியாதே தவிர, அவர் காது படு கூர்மை. வீட்டு வேலையும் கம்பெனி வேலையும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடந்தன.

காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு கூட்டம் உண்டு. எந்த டாக்டர் லீவு, யார் தாமதமாக வருவார் என்று நான் வாசிக்க, மற்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்ப்பேன் என்பதால் மேடம் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். மேடம்தான் கம்பெனி முதலாளி. அதுவரை சாதாரண போன் காலிலேயே கூட்டத்தை ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு லைன் கிடைக்காது. கடைசியில் எங்களுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் செய்யச் சொன்னார் மேடம். எல்லாம் தமிழில், பெரிய பெரிய பட்டன்களோடு.

அதைச் செய்தவர் புத்தூர் ஆபீசில் இருக்கும் ஒரு தம்பி. இன்ஜினியரிங் படித்தவர், ஒரு குழந்தைக்கு அப்பா. புதிதாக எது செய்தாலும் முதலில் எனக்குத்தான் அனுப்புவார். ஏன் எனக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க பயப்படாம அமுக்குற பட்டனை ஊர்ல யாரு வேணாலும் அமுக்கிடுவாங்கக்கா."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தம்பிக்கு அதில் ஒரு விஷயம் ரொம்பப் பெருமை. கூட்டத்துக்குள் நுழைந்ததும் பேசுகிறவர் மைக்கைத் தவிர எல்லோருடைய மைக்கும் தானாக மூடிக்கொள்ளும். பத்து வீடுகளின் குக்கர், மிக்ஸி, தெருவில் போகும் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி எதுவும் உள்ளே வராது. இதை எங்களிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

முதல் நாள் கூட்டம். "எலும்பு டாக்டர் இன்னிக்குச் சாயந்திரம்தான் வர்றாங்க" என்று வாசித்தேன். சத்தமே இல்லை. பூட்டிய கல்யாண மண்டபத்தில் தனியாக நின்று பேசுவதுபோல் இருந்தது. "கேக்குதுங்களா?" என்றேன். எல்லோரும் மூடிய மைக்குக்குள் "கேக்குது, கேக்குது" என்று கத்தியிருக்கிறார்கள். எனக்கு எங்கே தெரியும்? துண்டித்துவிட்டு மறுபடி வந்தேன். என் பின்னாலேயே அவர்களும் வெளியேறி உள்ளே வந்தார்கள். மறுபடி எலும்பு டாக்டரிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே அமைதி.

கட்டிலிலிருந்து மாமனார் கேட்டார்: "ஏம்மா, அந்த எலும்பு டாக்டர் இன்னுமா வந்து சேரல? நீயும் விடிஞ்சதுலேர்ந்து அவரையே கூப்புட்டுக்கிட்டிருக்க."

கூட்டம் எலும்பு டாக்டரைத் தாண்டவே இல்லை; அன்றைக்குச் சாயங்காலம் வரவேண்டிய மற்ற டாக்டர்களுக்குக் காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரமும் இதே கதைதான். மேடம் கூப்பிட்டார். கோபப்படவில்லை. நியாயமாகப் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. சரியா வரலைன்னா எல்லாரும் ஆபீஸுக்கே வந்துடுங்க. ஒரே ரூம்ல உக்காந்தா இந்தத் தொல்லையே இல்ல பாருங்க."

மாமனாரை விட்டுவிட்டு நான் எப்படிப் புத்தூருக்குப் போவேன்? ஆபீஸ் என்றால் எனக்கு வேலை இல்லை என்றுதான் அர்த்தம். தொட்டியத்தில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அதே கதிதான்.

சிக்னல் கோளாறு என்று நினைத்து சிம்மை மாற்றினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து கூட்டம் நடத்தினேன். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. எதிரே ராஜகோபுரமும் முழுசாக நின்றது. என் ஆட்களின் சத்தத்தைத்தான் காணோம்.

அன்றைக்குத் தொட்டியத்துப் பெண் தனியாகப் போன் பண்ணினாள்.

"ஏங்க்கா நடுவுல நடுவுல ஓடிப் போயிடறீங்க? நான் இங்க ம் கொட்டிக் கொட்டித் தொண்டை வறண்டு கெடக்கறேன். எங்க வீட்டுக்காரர், 'யாருடி அது, இவ்வளவு பணிவா ம் கொட்டுற? எனக்கு ஒரு நாளாவது கொட்டியிருக்கியா'ன்னு கேக்கறாரு."

உடனே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் எல்லோர் மைக்கையும் திறந்துவிட்டு, இரைச்சலை மட்டும் வடிகட்டும்படி மாற்றினார். மறுநாள் பேச்சு வந்தது. 'ம்' மட்டும் வரவில்லை. மறுபடி தம்பியைக் கூப்பிட்டேன்.

"அது மனுஷங்க சத்தம்னு சாஃப்ட்வேருக்குத் தெரியலக்கா. ஏதோ மிக்ஸி ஓடுதுன்னு நெனச்சு வடிகட்டிடுது" என்றார். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். இருந்தார், இருந்துகொண்டே இருந்தார்.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா. யோசிக்கறேன்."

"ம்னாவது சொல்லிக்கிட்டே யோசிங்க தம்பி. எனக்கு இங்க உசுரு போகுது!"

தம்பி சிரிக்க ஆரம்பித்தார். "கேக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது இல்லக்கா உங்களுக்கு? கேட்டுக்கிட்டே இருக்கோம்னு தெரியணும். சத்தத்தை ஏன் வடிகட்டணும்? மைக் மூடியே இருக்கட்டும். ம் கொட்ட ஒரு பட்டன் வெச்சிடறேன்."

வைத்தும்விட்டார். திரையின் கீழே வட்டமாக, மஞ்சள் நிறத்தில், 'ம்' என்று ஒரே எழுத்து. அதைத் தொட்டால் பேசுகிறவருக்கு மெதுவாக ஒரு ம் கேட்கும். ஆனால் அவசரத்தில் தன் குரலையே பதிந்து வைத்திருந்தார். நான் தோல் டாக்டரைப் பற்றி ஒரு வரி வாசித்து முடித்ததும் சுற்றிலும் கட்டைக் குரலில் ம், ம், ம் என்று ஒரே ஆண்கள் கூட்டம். தொட்டியத்துப் பெண் மைக்கைத் திறந்து, "அக்கா, பஞ்சாயத்துல உக்காந்த மாதிரி இருக்கு. யாருக்கு அபராதம்?" என்றாள். அதற்குப் பிறகு அவரவர் ம்-ஐ அவரவரே பதிந்து அனுப்பினோம். என்னுடையது எத்தனை முறை பதிந்தாலும் கேள்வி கேட்பது மாதிரியே வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றார் தம்பி.

வேலை நடந்தது. டாக்டர்களும் நோயாளிகளும் ஒரே நேரத்துக்கு வந்தார்கள். என் கவலைதான் தீரவில்லை. மாசக் கடைசி வந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் தானே பேசப்போவதாக மேடம் சொல்லிவிட்டார்.

மேடம் இரண்டு வரிக்கு மேல் பேசுகிறவர் இல்லை. புது டோக்கன் முறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு ம் போயிற்று. இன்னொரு ம். அவர் குரல் கொஞ்சம் இளகியது. பல் டாக்டர் கிளினிக் திறப்பு விழாவுக்குப் போனதைச் சொன்னார். ம். அங்கே டாக்டருடைய செருப்பையே யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டதைச் சொன்னார். ம், ம். டாக்டர் வெறுங்காலோடு ரிப்பன் வெட்டியதைச் சொன்னார். நாங்கள் கொட்டக் கொட்ட அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆபீஸ் விஷயத்துக்கு மட்டும் வரவே இல்லை. போன் அடிக்கும் நேரமும் நெருங்கிவிட்டது.

மாமனார் கட்டிலிலிருந்து கையை ஆட்டினார், கேள் என்று. மைக்கைத் திறந்தேன்.

"மேடம், அந்த... ஆபீஸுக்கு வர்ற விஷயம்..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ? சும்மா இருந்திருந்தால் மறந்தே போயிருப்பாரோ? பத்துப் பேர் பிழைப்பையும் என் ஒரு வாய் கெடுத்துவிட்டதோ?

"இருங்கம்மா" என்றார் மேடம். "நீங்கல்லாம் அமுக்குனீங்களே, அந்த ம் பட்டன் என் போன்ல எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"கீழ மேடம், மஞ்சளா, வட்டமா" என்று பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மைக்கைத் திறந்து கத்தினோம்.

"கண்ணாடி இல்லம்மா. வாயாலயே சொல்லிடறேன். வீட்டுலயே இருங்க. ஆபீஸெல்லாம் வேணாம்."

"எல்லாருமா மேடம்?"

"எல்லாரும்தான்."

"அடுத்த மாசமும் மேடம்?"

"அம்மா தாயே, அடுத்த மாசமும்தான். போன் அடிக்குது பாருங்க, மொதல்ல அதை எடுங்க!"

அடித்துக்கொண்டிருந்தது என் போன்தான். எடுத்தேன்.