குவைத் அறைக்கு அனுப்பிய வயல்

ஆரோக்கியராஜ் அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் காலை மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

தஞ்சாவூரில் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்கு அடுத்த சீட் அவர். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மனைவி ஸ்டெல்லா அக்கா குவைத்தில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு மாச லீவில் வந்து போவார்.

"செல்லுல பாக்குறது பத்தல. நம்ம வயல பெருசா பிரிண்ட் போட்டு அனுப்புங்க, சுவத்துல ஒட்டிக்கிறேன்" என்று அக்கா ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அண்ணன் வீட்டுக்கே ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கிவிட்டார்.

முதல் பிரிண்டை ஆபீஸுக்குக் கொண்டுவந்தார். நடவு முடிந்து பச்சை பிடித்த வயல். ஆனால் அந்தப் பச்சை நீலம் பாய்ந்து, பிளாஸ்டிக் குடம் மாதிரி இருந்தது.

"இது யாரு வயலோ... எங்க வயல் இல்லப்பா" என்றார்.

அப்புறம்தான் கலர் ப்ரொஃபைல் வேலையில் இறங்கினார். நூற்றுக்கணக்கான கலர் கட்டங்களை பிரிண்ட் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சின்ன மெஷினால் அளக்க வேண்டும். இந்தப் பேப்பரில் இந்த இங்க் எப்படி விழுகிறது என்று கம்ப்யூட்டர் அதிலிருந்து தெரிந்துகொண்டு நிறத்தைத் திருத்தும்; அந்தக் கணக்குதான் ப்ரொஃபைல். பேப்பரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவருக்கு இதுதான் வேலை. நான் போனால் என் கையிலும் மெஷினைக் கொடுத்துவிடுவார். "கை ஆடாம புடி தம்பி."

ஒருவழியாகப் பச்சை சரியாக வந்தது. லீவு முடிந்து குவைத் திரும்பிய ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்.

அக்கா போன் செய்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் ரூம் லைட்டுல வயல் வாடுன மாதிரி தெரியுதுங்க."

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். அண்ணன் சொன்னது: "உன் ரூம் பல்பு மாதிரியே ஒண்ணு வாங்கிக் குடுத்துவிடு."

பல்பு வந்தது. பின்னறையில் மாட்டினார். எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோமோ, அதற்கென்றே ப்ரொஃபைல் போடலாமாம். ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த பல்புக்குக் கீழே பிரிண்டை வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி பார்த்து...

ஒரு நாள் நான் போனபோது பிரிண்டர் ஓடவில்லை. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அவ ரூம் இப்ப இப்படித்தான இருக்கும்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த பல்பு வெளிச்சத்துக்கென்று போட்ட பிரிண்ட் கைக்குக் கிடைத்த அன்று அக்கா போனிலேயே அழுதாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம்கூட, "பொங்கலுக்கு ஒரேயடியா வந்துடுறா. இனிமே யாருக்கு பிரிண்டு? மெஷின நீயே எடுத்துக்க" என்று சிரித்தார்...

இன்று காலை திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து அக்காவை அழைத்துவந்தது நான்தான். காரில் பூதலூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

திடீரென்று கேட்டார். "தம்பி, ஆபீஸ்ல அவரு எப்படி இருப்பாரு? மத்தியானம் யாரோட சாப்புடுவாரு? எங்கிட்ட எதுவும் சொல்ல மாட்டாரு. 'நீ சாப்டியா'ன்னு மட்டும்தான் கேப்பாரு."

சொன்னேன். எல்லோர் டிபன் பாக்ஸிலும் ஊறுகாய் கேட்பது... பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தாண்டிப் போனது... மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டுவது.

மேனேஜர் கதைக்கு அக்கா சிரித்துவிட்டார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இன்னும் சொல்லுங்க" என்றார்.

தெரு திரும்பியதும் வாசலில் கூட்டம் தெரிந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போங்க தம்பி" என்றார்.

அடக்கம் இன்று மாலை திருக்காட்டுப்பள்ளியில். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

அக்காவைக் கொண்டுவந்து சேர்த்துட்டேன் அண்ணே... போய் வாங்க.