சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஐந்து லிட்டர் கேனுடன்

பெங்களூரில் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லும் கட்டுரைகள் இணையத்தில் ஓரளவு இருக்கின்றன. எல்லாம் நோயாளிகளுக்கானவை. சிறுநீரகத்தைக் கொடுத்தவன், பன்னிரண்டு வருடம் கழித்து, உடம்பில் ஒரு தொல்லையும் இல்லாமல் பரிசோதனைக்குப் போவது எப்படி என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. போனவர்களே குறைவு என்பதுதான் காரணமாக இருக்கும். நான் 2008 பிப்ரவரியில் போனேன். போக நினைக்கிறவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துவைத்திருக்கிறேன்.

1996இல் என் இடது சிறுநீரகத்தை அண்ணனுக்குக் கொடுத்தேன். ஆபரேஷன் பெங்களூரில் நடந்தது. இரண்டு வருடம் கழித்து அண்ணன் அங்கேயே ஜெயநகரில் வீடு கட்டி கிருகப்பிரவேசம் வைத்தார். ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூடத்தில் உட்கார வைத்து, உயிர் கொடுத்த தெய்வம் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார். என்னைத் தெருமுனையில் நிற்கச் சொன்னார், வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் காட்டுவதற்காக. காட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இந்த ஜனவரியில், என் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து முகவரி மாற்றி அனுப்பப்பட்டு ஒரு தபால் கார்டு வந்தது. அதே மருத்துவமனையில் வசுதா என்றொரு டாக்டர், சிறுநீரகம் கொடுத்தவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார். பழைய பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கையால் கார்டு எழுதுகிறார். பரிசோதனை இலவசம்.

எனக்குப் பின்னால் சேர்ந்தவரைத் துறைத் தலைவராக்கிய கல்லூரியில் விடுப்பு வாங்கப் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மீதிச் சிறுநீரகம் கெட்டிருந்தால் அதற்கு ஒரு காகிதம் கிடைக்கும், அதை அண்ணனுக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்தில்தான் கிளம்பினேன்.

பரிசோதனைக்கு இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் வேண்டும். காலை ஆறு மணிக்குப் போவதை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரு சொட்டு விடாமல் ஒரே கேனில் சேர்க்க வேண்டும். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும் என்றால், திங்கட்கிழமை பயணமும் அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் நாற்பது ரூபாய். அதை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.15க்கு பஸ். பெங்களூர் இருநூறு கிலோமீட்டர், கட்டணம் 96 ரூபாய். பக்கத்து இருக்கையில் என் பழைய மாணவன் வந்து உட்கார்ந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையாம். காலடியில் இருந்த பையைப் பார்த்து, "கேன்ல என்ன சார், நல்லெண்ணெயா?" என்றான். ஆமாம் என்றேன். "பெங்களூர்ல நல்ல செக்கெண்ணெய் கெடைக்கிறதே இல்ல சார். ஒரு லிட்டர் நமக்கு ஊத்திட்டுப் போங்க" என்றான். சிரித்து வைத்தேன்.

9.50க்குக் கிருஷ்ணகிரி. பத்து நிமிடம் நிற்கும். கட்டணக் கழிப்பறைக்கு அவனும் கூடவே வந்தான். எண்ணெய்க் கேனை ஏந்திக்கொண்டு கழிப்பறைக்குப் போகிற பேராசிரியராக நான் எப்படி இருப்பது? பையை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போய்வந்தேன்.

12.10க்கு அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினான். அங்கிருந்து சில்க் போர்டு சந்திப்பு பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டுகிறார்கள், சாலை முழுக்கப் பள்ளமும் கம்பியும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நானும் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் தாங்காமல் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கி ஒரு மணல் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அத்தனை பேர் பார்க்கக் கேனைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. நகரத் தொடங்கிய பஸ்ஸை ஓடித்தான் பிடித்தேன். மடிவாளாவில் இறங்கி சிவாஜிநகருக்கு ஆட்டோ, எழுபது ரூபாய். பஸ் நிலையத்துக்குப் பின்னால் லாட்ஜ், நாளுக்கு 280.

மறுநாள் கேனைக் கொடுத்து, ரத்தமும் கொடுத்துவிட்டு, டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நாற்பது வயதுப் பெண், பெயர் செல்வி. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. தம்பிக்குக் கொடுக்கப் போகிறார். "நீங்க குடுத்தவருதானே சார்? எப்படி இருக்கு?" என்று கேட்டார். இப்படி ஒருவர் கேட்பதற்காகவே பன்னிரண்டு வருடம் காத்திருந்தவன்போலக் கிருகப்பிரவேசம், சால்வை, தெருமுனை எல்லாவற்றையும் கொட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அது உங்க வீட்டு விஷயம் சார். நான் கேட்டது, பொட்டி தூக்க முடியுமான்னு. ஒவ்வொண்ணும் இருபது கிலோ."

டாக்டரைக் கேளுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு முடிவு கையில் கிடைத்தது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. என்னுடையது 51. அறுபதுக்குக் கீழே போனால் நல்லதில்லை என்று அந்தக் காகிதத்திலேயே அச்சிட்டிருந்தது. முதலில் அந்த எண்ணைப் பயத்தோடு மூன்று முறை படித்தேன். ஒரு டீ குடித்த பிறகு வேறு மாதிரி இருந்தது. எதிர்க் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, உறை வாங்கி, ஜெயநகர் முகவரியை எழுதி முடித்தேன். கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது.

மூன்றரைக்கு டாக்டர் வசுதா கூப்பிட்டார். கன்னடக்காரர், நோயாளிகளிடம் பேசிப் பழகிய தமிழ். மேஜை முழுக்கத் திரும்பி வந்த தபால் கார்டுகள். "வாங்கினவங்க மருந்துக்காக மாசா மாசம் வருவாங்க சார். குடுத்தவங்க தையல் பிரிச்ச அன்னைக்குப் போனா அவ்வளவுதான்" என்றார். பிறகு என் காகிதத்தைப் பார்த்தார். என் எடை உள்ளவர் ஒரு நாளில் வெளியேற்ற வேண்டிய கழிவு இவ்வளவு, கேனில் இருப்பதோ அதில் முக்கால் பங்குகூட இல்லை, ரத்தத்திலோ அது அதிகமாகச் சேரவில்லை என்று விளக்கினார்.

"எங்கயாவது விட்டுட்டீங்களா?"

"இல்லை. முழுசும் இருக்கு."

"ஸ்வல்ப யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். சரி என்று நீளமான ஒரு நோட்டை எடுத்தார். கொடுக்கப் போகிறவர்கள் யார் வந்தாலும் இதைக் காட்டித்தான் பேசுவாராம். பெயர் இருக்காது, வயது, கொடுத்து எத்தனை வருடம், எண், அவ்வளவுதான். வெளியில் பெஞ்சில் இருக்கும் அந்த அம்மாவுக்கும் இன்றைக்குக் காட்ட வேண்டும் என்றார். பேனா மூடியைக் கழற்றினார்.

எனக்கு நல்ல மனது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். தப்பென்று தெரிந்த எண் என் கண் முன்னால் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதை நம்பித் தம்பிக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை" என்றேன். "கிருஷ்ணகிரியில ஒண்ணு. ஓசூர் ரோட்டுல ஒண்ணு."

டாக்டர் பேனாவை மூடினார். "பஸ்ஸுல வர்றவங்க எல்லாரும் கிருஷ்ணகிரியிலதான் விடறாங்க சார்."

புதிதாக ஒரு கேன் கொடுத்தார்கள். புதன் காலை ஆறிலிருந்து மறுபடியும். அந்த ஒரு நாள் நான் பார்த்த பெங்களூர், லாட்ஜிலிருந்து அரை மணி நேரம் போய்த் திரும்பும் தூரத்துக்குள் அடங்கியது. துணிக்கடைத் தெரு வரை போவேன், திரும்புவேன். கறிக்கடைச் சந்து வரை போவேன், திரும்புவேன். கப்பன் பூங்காவுக்குக் கிளம்பிப் பாதி வழியில் பயந்து திரும்பிவிட்டேன். ஆறாம் முறை படியேறியபோது லாட்ஜ் மேனேஜர் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அதைத்தான் கண்டுபிடிக்க முயல்கிறேன் என்றேன்.

வியாழன் மதியம் முடிவு வந்தது. 74. ஒற்றைச் சிறுநீரகத்துக்கு இது மிக நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நிம்மதியாக இருந்தது. கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோலவும் இருந்தது. முகவரி எழுதிய உறையை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டேன்.

செல்வி அன்றைக்கும் ஏதோ ரத்தப் பரிசோதனைக்காக வந்திருந்தார். இந்த முறை நானே போய் உட்கார்ந்தேன். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, எனக்கு டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள், பிறகு தூக்கலாம், நான் கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுகிறேன் என்று சொன்னேன்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது."

"காலி சிலிண்டரா, ரொம்புனதா?"

"நிறைஞ்சதுதான்."

தலையாட்டினார். லீவு சொல்ல வேண்டிய நாட்களை மனதுக்குள் எண்ணுவதுபோலத் தெரிந்தது. பிறகு கேட்டார்: "உங்கண்ணன் இப்ப எப்படி சார் இருக்காரு?"

நன்றாக இருக்கிறார், தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறாராம், உறவுக்காரர்கள் சொன்னார்கள் என்றேன்.

"அப்ப ரெண்டு பேருமே நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, தம்பிக்குப் போன் செய்ய எழுந்து போனார். அந்தக் கூட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பென்று நிரூபிக்கவும் முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் நாளே பெங்களூருக்குப் போய்விடுங்கள். கேன் கணக்கை லாட்ஜில் தொடங்குங்கள். ஓசூர் ரோட்டில் பாலம் முடியும் வரை எவ்வளவு நேரம் ஆகும் என்று எவரும் சொல்ல முடியாது. சாப்பாடு உட்பட எனக்கு மொத்தம் ஆயிரத்து அறுநூறு ஆனது. இரண்டு முறை விட்டிராவிட்டால் ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஏதாவது தவறவிட்டால் முதல் கேள்விக்கே ஒப்புக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களைப்போலப் பலரைப் பார்த்தவர்கள். கொடுத்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். வாங்கியவர்களை விசாரிக்க ஊரே இருக்கிறது. நம்மை விசாரித்து ஒரு தபால் கார்டு வந்தால் அதை மதிக்கலாம்.

அண்ணன்மேல் எனக்குள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவச் சான்று மட்டும் இனி அதற்குக் கிடையாது.