உட்கார முடியாதவள்

தங்கையின் கணவர் மஸ்கட்டில் மாரடைப்பில் இறந்தபோது நான் தாராவி வீட்டில் மருத்துவ விடுப்பில் கிடந்தேன். செம்பூரில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு டிஸ்க் விலகிப்போயிருந்தது. படுக்கலாம், நிற்கலாம். உட்கார்ந்தால் இடது காலில் நெருப்பு இறங்கும். எங்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய காப்பீட்டிலிருந்து மாதாமாதம் பாதிச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு இங்க யாரும் இல்லக்கா. நீ வா" என்று போனில் அழுதாள். டாக்டரிடம் கேட்டேன். "போங்க, ஆனா உட்காராதீங்க" என்று சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அதைக் காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற நேரமெல்லாம் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அங்கே செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பினேன். அந்த மாதம் பணம் வரவில்லை. காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"வெளிநாட்டுக்கு டூர் போகத் தெம்பு இருக்கு, வேலைக்குப் போகத் தெம்பு இல்லையா?" என்று இந்தியில் கேட்டான் ஒருவன்.

டூராம். என் தங்கை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"விடுட்டி, அவங்களோட யாரு மல்லுக்கட்டுதது?" என்றார் என் வீட்டுக்காரர். பணத்தை விட்டாலும் விடுவேன், அந்த டூரை விடமாட்டேன் என்றேன். மேல்முறையீடு எழுதிப் போட்டேன். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். டாக்ஸியில் உட்கார முடியாது, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடியே, "பைட்டியே" என்று நாற்காலியைக் காட்டினார். நான் நின்றேன். பேச்சுக்கு நடுவே மறுபடியும் உட்காரச் சொன்னார். பிறகு தன் போனை என் பக்கம் திருப்பினார். தங்கை வீட்டில் யாரோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்ட படம், எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் பாயில் இருக்கிறார்கள். நான் மட்டும் சுவரோரம் நிற்கிறேன்.

"நல்லாத்தானே நிக்கிறீங்க?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தாராவி இந்தியில் கத்தியே விட்டேன்.

"சாப், நான் வந்ததிலிருந்து உட்காரச் சொல்லிட்டே இருக்கீங்க. உட்கார்ந்தேனா? புருஷனைப் பறிகொடுத்தவ பாயில கிடந்து அழறா. பக்கத்துல உட்கார்ந்து அவளை மடியில சாய்ச்சுக்க முடியாம நின்னவ நான். அதைப் படம் பிடிச்சு எனக்கே காட்டுறீங்களா?"

பக்கத்து மேஜையில் தட்டச்சு நின்றது. அதிகாரி படத்தை மறுபடி பார்த்தார். பிறகு ஃபைலைப் புரட்டினார். டாக்டர் சீட்டு அதிலேயே இருந்தது. ஒருவரும் படித்திருக்கவில்லை.

சில வாரங்களில் நின்ற பணம் மொத்தமாக வந்தது. கூடவே ஒரு கடிதம்: மனிதாபிமான அடிப்படையில் தொகை வழங்கப்படுகிறதாம். தவறு நடந்ததாக ஒரு வரி கிடையாது. என் சம்பளத்தில் பிடித்ததை எனக்கே பிச்சையாகப் போடுகிறார்கள்! 'மனிதாபிமானம்' என்ற சொல்லை நீக்கச் சொல்லித் திரும்பவும் எழுதினேன்.

"பணம்தான் வந்துட்டே, இன்னும் என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

தங்கைதான் எழுந்து வந்து, நான் எழுதியதை வாங்கிப் படித்தாள். "இன்னும் காட்டமா எழுதுக்கா" என்றாள்.