மாமாவின் முகத்துக்குக் கீழே ஓடிய வரி

போன மாதம் ஒரு சின்ன வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்ட் செய்தேன். பத்து விநாடி வேலை. அதற்கப்புறம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

சித்தூர் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் விவசாயிகள் பழத்தை ரோட்டில் கொட்டி மறியல் செய்தார்கள். திருப்பதியில் எங்கள் வீட்டில் எப்போதும் ஓடும் சேனல் அதைக் காட்டியது. கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி – ‘காசுக்கு வந்த கூட்டம்!’

எனக்குப் பிடித்த கட்சிக்கு வேண்டிய சேனல். சந்தேகம் வருமா? ‘பார்த்தீங்களா, எல்லாம் நாடகம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். சித்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். குரலே சரியில்லை.

“ஏண்டி, நீ அனுப்பின வீடியோவுல தலையில துண்டு கட்டிக்கினு நிக்கிறது யாருன்னு பாத்தியா?”

மறுபடி போட்டுப் பார்த்தேன். அக்கா வீட்டுக்காரர்! நைனா போன பிறகு அப்பா ஸ்தானத்தில் நின்று என் கல்யாணத்தை நடத்திவைத்த மாமா. எப்படித் தெரியாமல் போனது? வரியைப் படித்தேன்... முகத்தைப் பார்க்கவேயில்லை.

“யாரோ அதை சர்ச் குரூப்புலயும் போட்டுட்டாங்க. இன்னிக்கி ஆராதனை முடிஞ்சதும் ஒருத்தர், ‘எவ்ளோ குடுத்தாங்க’ன்னு சிரிச்சிக்கினே கேட்டாரு. மூணு நாள் டிராக்டரோட லைன்ல நின்னு, ஃபேக்டரியில எடுத்துக்காததால பழம் அழுகிப்போயி கொட்டின மனுஷன்டி. வந்ததுலேர்ந்து ஒரு வாய் துன்னலை.”

அடுத்த ஞாயிறு காலை பஸ் பிடித்து சித்தூர் போய், அங்கிருந்து அக்கா ஊர் சர்ச்சுக்குப் போனேன். போதகரிடம் அனுமதி கேட்டு, அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு எழுதுகிறவளுக்கு அன்று மூன்று வரிதான் வந்தது.

“அந்த வீடியோவை முதல்ல அனுப்பினது நான்தான். விசாரிக்காம அனுப்பிட்டேன். எங்க மாமா யார்கிட்டயும் காசு வாங்கல...” அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

மாமா வெளியே காத்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“வுடும்மா. நான் பாக்கிற சேனல் மட்டும் யோக்கியமா? போலீஸ் எங்களை அடிச்சாங்கன்னு போட்டான். வெயில்ல மயங்கி வுழுந்த எனக்குத் தண்ணி குடுத்ததே ஒரு கான்ஸ்டபிள்தான். அதைக் காட்டவே இல்ல. நானும் சும்மா பாத்துக்கினுதானே இருந்தேன்?”

அன்று அக்கா வீட்டில் யாரும் டிவி போடவில்லை. அந்த மூன்று நாள் கதையை மாமா சொல்லச் சொல்ல, தட்டில் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு வரி, சொந்த மாமாவையே எனக்கு யாரோ ஆக்கிவிட்டது. அப்படியென்றால், முகமே தெரியாத எத்தனை பேரைப் பற்றி எதையெதையோ நம்பி இத்தனை வருஷம் ஓட்டுப் போட்டிருக்கிறேன்?

திரும்பும்போது பஸ்ஸிலேயே குடும்ப குரூப்பிலும் மன்னிப்பு கேட்டு எழுதினேன். வீடியோ இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

மன்னிப்பைத்தான் யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை!