இட்லிப் பொடியில் ஒரு முள்

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகன் வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தான். எட்டரை பஸ்ஸுக்காக நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"என்னம்மா இது?"

"கறிவேப்பிலைக் காம்பா இருக்கும்."

நெத்திலிக் கருவாட்டின் முள் அது. பொடியை அரைத்த அன்று சலிக்க மறந்திருந்தேன்.

சின்னமனூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவனுக்குப் பட்டறை. கல்மூங்கிலை ஒரு வருஷம் நிழலில் காயவைத்து, தணலில் வாட்டி நிமிர்த்தி, வளையங்களை நூலால் இறுக்கிக் கட்டித் தூண்டில் கம்பு செய்வான். கேரளா எஸ்டேட்காரர்கள் மலையிறங்கி வந்து வாங்கிப் போவார்கள். "மூங்கில் சீவுறதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?" என்று தொடக்கத்தில் தினமும் குத்திக்காட்டினேன். பிறகு நானே ஆசிரியர்கள் அறையில் அவன் கம்புகளைப் பற்றிப் பெருமையடித்தேன்.

தேனிக்குப் பக்கத்தில் ஓர் அன்னதானக் கூடம் இருக்கிறது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்ற நம்பிக்கையோடு, வெள்ளை உடுத்தியவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். ஞாயிறுதோறும் அங்கே காய் நறுக்கப் போய், மீனும் கறியும் தொடுவதில்லை என்று விரதம் எடுத்திருந்தவன் ஒருநாள் சொன்னான்.

"இருக்குற ஆர்டர முடிச்சிட்டு நிப்பாட்டப் போறேம்மா. அங்கன அடுப்பு வேலைக்கு ஆள் வேணுங்கிறாக."

"மீனக் கொல்றது நீயா? வாங்கிட்டுப் போறவுகதானடா?"

"கம்பு யாருதும்மா?"

கத்தினேன். பட்டினி கிடந்தேன். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் என் கணவர், "விடு, அவன் வயசுக்கு அவனுக்குத் தெரியும்" என்றார். என்னால் விட முடியவில்லை.

கடைசி ஆர்டரைக் கொடுத்தனுப்பிய மறுநாள், மிச்ச மூங்கிலையெல்லாம் பாகற்காய்ப் பந்தலுக்கு ஊன்றச் சொல்லி ஒரு விவசாயிக்குக் கொடுத்துவிட்டான். டிராக்டரில் ஏற்றும்போது என் நாத்தனார் வந்து நின்றாள்.

"என்ன மதினி, மருமகப்புள்ள சாமியாராப் போறாகளாம்ல? நாங்கள்லாம் இனிமே கால்ல விழுந்து கும்பிடணுமோ?"

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கயிற்றை இறுக்கினான்.

அன்று மாலைதான் கருவாட்டை வறுத்தேன். வாடை தெரியாதபடி பூண்டும் பெருங்காயமும் கூடுதலாகப் போட்டு இட்லிப் பொடியோடு அரைத்தேன். விரதம் கெட்டுப்போனதைப் பிறகு சொன்னால் அந்த மனிதர்கள் முகத்தில் அவனால் விழிக்க முடியாது, பட்டறைக்குத் திரும்பிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவளின் புத்தி அது. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு இட்லி வச்சிக்கடா" என்று வேறு பரிமாறினேன்.

அன்று காலை தட்டின் விளிம்பில் வைத்ததைக் காட்டி, "எனக்கு முள்ளு தெரியாதாம்மா?" என்றான். "எத்தன நாளா?"

"அஞ்சு நாளா."

அவன் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். எழுந்து போய் வாயைக் கொப்பளித்தான். வெகுநேரம் கொப்பளித்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

நான் எட்டரை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். மூன்று வகுப்பு எடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போனை அவன் எடுக்கவில்லை. கணவரிடம் "கோவிச்சிட்டுப் போயிட்டான்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை அன்னதானக் கூடத்துக்குப் போனேன். உள்ளே பெரிய அண்டா முன்னால் அவன் முதுகு தெரிந்தது. வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா, "வாங்க தாயி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தார். "சாப்பிட்டேன்" என்றேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் திரும்புவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அவன் போன ஒன்பதாம் நாள் காலை அடுப்படியில் நின்றிருந்தேன். பின்வாசல் வழியாக அவன் வந்தான். கையில் ஒரு பை அவரைக்காய். நான் வாயைத் திறப்பதற்குள் அலமாரியிலிருந்து பொடி டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தான். காலியாகக் கழுவி வைத்திருந்தேன். மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"அம்மா, நகரு. இந்த வீட்ல இனிமே எனக்கு நாந்தான் சமைப்பேன்" என்றான். அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்:

"உனக்கும் சேத்துத்தான்."