சுடாத மணல்

யாழ்ப்பாணத்து இணுவிலில் திருவிழா மத்தியானம் முருகன் கோயில் வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குத் தெரியும், அது எப்படிச் சுடும் என்று. எல்லோரும் நிழலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை.

எனக்கு வந்த லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் புற்றுநோய்) குணமாகிவிட்டது என்று டொக்டர்மார் சொல்லி எட்டு மாதம். நேர்த்திக்காக மூன்று முறை சுற்றினேன். இடது கால் சுட்டதைப் பல்லைக் கடித்துப் பொறுத்தேன். வலது காலில் ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்தியே, முருகன் உன்னைத் தாங்கிறான்" என்று கணவரின் அக்கா கண்கலங்கினார். நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

வீட்டில் கால் கழுவும்போது மகள்தான் கண்டாள். வலது உள்ளங்காலில் பெரிய கொப்புளம்.

"அம்மா, இது நோகேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

அவள் முகம் மாறியது.

அந்தக் காலில் சில வாரமாக இருந்த விறைப்பு, புற்றுநோய்க்கு ஏற்றிய பழைய மருந்தின் பக்கவிளைவு என்று நானே முடிவுகட்டியிருந்தேன். தொடையில் இழுத்த வலிக்கு எண்ணெய் பூசினேன். பெரிய கெட்டிக்காரி! மகள் கூட்டிப்போன நரம்பியல் மருத்துவர் வலது பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். அது அசையவில்லை.

"மருந்தாலை எண்டால் பெரும்பாலும் ரெண்டு காலும் விறைக்கும் அம்மா. உங்களுக்கு ஒரு கால்தான். நோவும் இருக்கு."

"திரும்பி வந்திட்டுதோ டொக்டர்?"

"இருக்கலாம். தேடிப் பாக்கவேணும்."

கொழும்பில் பெட் ஸ்கான் (புற்று உயிரணுக்கள் கூடுதலாக உறிஞ்சும் சீனி மருந்தை ஏற்றி எடுக்கும் படம்) எடுத்தார்கள். கணுக்களில் ஒன்றுமில்லை. இடுப்பிலிருந்து வலது காலுக்கு இறங்கும் நரம்பு மட்டும் நீளத்துக்கும் ஒளிர்ந்தது. நரம்பில் சிறு துண்டெடுத்துப் பார்த்தபின் உறுதியானது. நோய் புறநரம்புக்குள் (முள்ளந்தண்டிலிருந்து கைகால்களுக்குப் போகும் நரம்பு) போயிருந்தது. அன்று செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று: ஒரு கால் மட்டும் விறைத்தால், என்னைப்போல நீங்களே காரணம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

"முருகன் தாங்கிறான் எண்டு நான் சொல்லியிருக்கக்கூடாது" என்று கணவரின் அக்கா அழுதார்.

"நீங்கள் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது மச்சாள்" என்றேன்.

புது மருந்து ஐந்து தடவை ஏறிவிட்டது. இப்போது என் நாள் மத்தியானத்தில்தான் தொடங்குகிறது. வெயிலில் காய்ந்த கிணற்றடிச் சீமெந்துத் தரையில் மகள் முதலில் தன் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். பிறகு என் வலது காலை வைத்து மூன்று எண்ணுவாள். டொக்டர் அறிந்தால் ஏசுவார்.

"சுடுதோ அம்மா?"

தினமும் "இல்லை" என்பேன். நேற்று மூன்றாவது எண்ணிக்கையில், சின்ன விரலடியில் மெல்லிய எரிவு.

"சுடுது" என்றேன்.

மகள் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் சுடவேண்டும். மத்தியானத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது.